மாமாவின் ஆமெனும் பள்ளத் தெருக் குழாயும்

என் மாமாவின் ஆமென் எங்கள் சபையில் பிரசித்தம். மற்றவர்கள் ஜெபம் முடியும்போது ஆமென் சொல்வார்கள். மாமா நடுநடுவேயும் சொல்வார். அது மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி, கைக்குழந்தைகளின் சிணுங்கலைத் தாண்டி, கூரையில் முட்டித் திரும்பும். கண் அயர்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டு, ஜெபம் முடிந்துவிட்டது என்று எழுந்து செருப்புத் தேடியதும் உண்டு. "இவருக்கு மைக் கொடுக்காதீங்க, கட்டடம் தாங்காது" என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார்.

மாமாவின் வேலை தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்காக ஒரு பிடி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். சாலையில் பதித்த மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். பூமிக்கு அடியில் தண்ணீர் புறப்படும் சத்தம் கேட்டதும், யாரோ நல்ல செய்தி சொன்ன மாதிரி முகம் மலரும். ஆலயத்துக்கு வந்தாலும் சாவி கூடவே வரும். பின்சுவரில், குடைகளின் வரிசையில், அதுவும் ஓர் உறுப்பினர் போலச் சாய்ந்து நிற்கும்.

நான் பல வருஷம் தேசம் தேசமாகப் பை தூக்கி அலைந்துவிட்டுத் திரும்பியபோது மாமா வீட்டு மாடி அறைதான் எனக்குக் கிடைத்தது.

"வாம்மா ஊர்சுத்தி. இந்தத் தடவையாவது கால் தரையில நிக்குமா?" என்றார் மாமா.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீங்களா? நீ போய்க் குளிச்சுட்டு வா. நம்ம வீட்டுல தண்ணிக்கு என்ன பஞ்சம்!" என்றாள் அத்தை.

உண்மைதான். எங்கள் மேட்டுத் தெருவில் குழாயைத் தொட்டால் போதும், தண்ணீர் கையைத் தள்ளும். குவளைத் தண்ணீரில் குளிக்கப் பழகியிருந்த எனக்கு அது சொர்க்கம். ஏற்றத்தில் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் இவ்வளவு வேகமாக எப்படி ஏறுகிறது என்று நான் யோசிக்கவில்லை. தெருவில் யாருமே யோசிக்கவில்லை. ஆலயமும் அதே தெருவில்தான் இருந்தது.

கீழே பள்ளத் தெரு. இரண்டு தெருவுக்கும் ஒரே தொட்டி. முதலில் பள்ளத் தெருவுக்குத் திறப்பார்கள், அதை மூடிய பிறகு மேட்டுத் தெருவுக்கு. அங்கே குழாயில் எப்போதும் நூல் போலத்தான் ஒழுகும். லாண்டரி வைத்திருந்த அக்கா அந்தத் தெருக்காரர். அவர் கடைக்குப் பின்னால் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அது பாதி நிரம்பி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில் அக்கா எழுந்து நிற்பார்.

"எங்க தெருக் குழாய்க்காக ஜெபிங்க. துரு அடைச்சிருக்காம். ஆண்டவர் மனசு வைக்கணும்."

சபையே கண்ணை மூடும். எல்லாருக்கும் முந்திக்கொண்டு மாமாவின் ஆமென் வெடிக்கும்.

தேசத்துக்காக உபவாச ஜெபம் வைத்த அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் தொடங்கியது. ஆலயம் நிறைந்திருந்தது. "தேசத்தின் பாவங்களுக்காக மனம் வருந்தி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். ஒருவர் லஞ்சத்துக்காக ஜெபித்தார். ஒருவர் பொய் சொல்லும் தலைவர்களை ஆண்டவரிடம் பிடித்துக் கொடுத்தார். மாமாவின் முறை வந்தது. பள்ளத் தெருவுக்குத் திறந்துவிட்ட கையோடு வந்திருந்தார். கால்சட்டை முழங்காலில் ஈரம் காயவில்லை.

"ஆண்டவரே, எங்க தேசத்தைப் பாரும். மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களோட பங்கைப் பிடுங்குறாங்க ஆண்டவரே. ஏழைக்குப் போக வேண்டியதைப் போக விடாம நடுவுலயே அடைச்சு…"

அங்கே நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் மாமா திரும்பிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடைகளுக்கு நடுவே சாவி நின்றது.

"நடுவுல அடைச்சது நான்தான் ஆண்டவரே."

கண் மூடியிருந்த பாஸ்டர் பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றார். பிறகு அவரும் கண்ணைத் திறந்தார்.

"பள்ளத் தெரு வால்வை நான் பாதிதான் திறக்கிறேன்," என்றார் மாமா. இப்போது அவர் ஆண்டவரிடம் பேசவில்லை, எங்களிடம் பேசினார். "குழாயில துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான் சொன்ன பொய். அதை முழுசாத் திறந்தா தொட்டியில தண்ணி இறங்கிடும், அப்புறம் மேட்டுக்கு வேகமா ஏறாது. என் பொண்ணு வயித்துல இருந்தப்போ வீட்டுக்காரி குடம் தூக்கிட்டு ஏறுறதைப் பார்க்க முடியாம பாதி மூடினேன். குழந்தை பிறந்ததும் திறந்துடலாம்னு நினைச்சேன். அவ படிச்சு முடிச்சுட்டா. நான் இன்னும் திறக்கல."

லாண்டரி அக்கா மெல்ல எழுந்தார்.

"அப்போ நான் வாராவாரம் எழுந்து நின்னு அழுதப்போ ஆமென் போட்டீங்களே, அது?"

"அதுதான் எனக்கும் புரியலக்கா. மனசாரத்தான் போட்டேன்."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க என்னடான்னா பூசாரி பக்கத்துலயே உக்காந்து ஆமென் வேற போட்டிருக்காரு!"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அக்கா முறைத்தார். முறைத்த முகமே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"நாம… தேசத்துக்கான ஜெபத்தைத் தொடரலாமா?"

"நீங்க தொடருங்க பாஸ்டர். நான் போய்த் திறந்துட்டு வந்துடுறேன்," என்று மாமா சாவியை எடுத்தார்.

யார் தொடர்வது? சபையே அவர் பின்னால் இறங்கிவிட்டது. மாமா குழிக்குள் சாவியை இறக்கிச் சுற்றினார். பாதிக்கு மேல் அது சுற்றிப் பழகவில்லை. கிறீச்சிட்டது, முரண்டு பிடித்தது. பாஸ்டரும் ஒரு கை கொடுத்தார். பிறகு பூமிக்கு அடியில் ஒரு பெருமூச்சு கேட்டது.

பள்ளத் தெருவில் குழாயை மூடும் வழக்கம் யாருக்கும் இல்லை. ஒழுகுகிற நூலுக்கு மூடி எதற்கு? எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து, பாத்திரத்தை வைத்துவிட்டு ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் சீறின. ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் மிதந்து வந்தன. லாண்டரியில் குழாயின் தலையே கழன்று பறந்துபோய், அக்கா அந்த ஓட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்த, தண்ணீர் விசிறியாக விரிந்து சபை மொத்தத்தையும் நனைத்தது. உபவாசத்தில் களைத்திருந்த பெண்கள் முக்காட்டோடு நனைந்து சிறுமிகளைப் போலக் கத்தினார்கள். "மூடுங்கய்யா!" "வேண்டாம், விடுங்கய்யா!" என்று இரண்டும் கேட்டது. மாமா மட்டும் சாவியைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தார். அது மழையில் அழுவது போல, என்னைத் தவிர யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து மேட்டுத் தெருவில் தண்ணீர் வேகம் விழுந்தது; குழாய் சொட்டத்தான் செய்தது.

"ஜெபம் பண்ணப் போன மனுஷன் ஜெபம் பண்ணிட்டு வரணும். வால்வைத் திறந்துட்டா வருவாங்க?" என்றாள் அத்தை. "நீங்க செஞ்ச பாவத்துக்கு நான் குடம் தூக்கணுமா?"

"நீ தூக்க வேண்டாம். நான் தூக்குறேன்," என்றார் மாமா.

தூக்கினார். நானும் தூக்கினேன். அக்கம்பக்கத்தார் குடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நியாயஸ்தர் வர்றாரு, வழி விடுங்க" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. மாமா நின்று சிரித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். ஏறும்போது மூச்சு இரைக்கும்.

உண்மையான சோதனை சூப்பர்வைசர் வடிவத்தில் வந்தது. அலுவலகத்தில் மாமாவுக்கு மேலதிகாரி, ஆலயத்தில் முன்வரிசை, வீடு எங்கள் தெரு. ஆலயத்திலும் வீட்டிலும் அவருக்குத் தண்ணீர் தேவை. அடுத்த ஞாயிறு மாமாவின் மகளுக்கு ஞானஸ்நானம். ஆலயத்து ஞானஸ்நானத் தொட்டி பளிங்கு ஓடு பதித்தது. பின்சுவரில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியைத் தீட்டியிருப்பார்கள். அந்த நதிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. தொட்டியோ காய்ந்து கிடந்தது.

"உங்க பொண்ணோட நாள்," என்றார் சூப்பர்வைசர், வாசலில் நின்றபடியே. "ஒரே ஒரு காலை பழையபடி வையுங்க. தொட்டி நிரம்பிடும். கர்த்தருடைய காரியம்தானே?"

"கர்த்தர் வந்து திறந்தாலும் முழுசாத்தான் திறப்பார் சார்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை தொட்டியில தண்ணி இல்லைன்னா, திங்கள்ல இருந்து உங்களுக்குச் சாக்கடைப் பம்ப்ல வேலை. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போன பிறகு மாமா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வேலை அவருக்கு வேலை மட்டும் இல்லை. விடியற்காலை நடை, சாவியின் கனம், பூமிக்கு அடியில் கேட்கும் சத்தம், எல்லாம் அதில் இருந்தது. பம்ப் அறையில் ஜன்னல்கூடக் கிடையாது.

"பயமா இருக்கும்மா," என்று என்னிடம் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் நாள். நீ என்ன சொல்ற?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் தண்ணியில முங்கினா எனக்கு யோர்தானா தெரியும்? லாண்டரி அக்கா முகம்தான் தெரியும். நீங்க திறந்ததைத் திறந்தபடி விடுங்கப்பா."

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பனுக்குத் தப்பாத பொண்ணு," என்றாள். திட்டுகிறாளா மெச்சுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவளும் எங்களோடு இறங்கினாள். சேதியை லாண்டரி அக்காவிடம் சொன்னதும் அவள்தான்.

"என் தொட்டி எதுக்கு இருக்கு?" என்றார் அக்கா. "தினமும் அழுக்குப் போக்குற தொட்டி. ஒருநாள் பாவமும் போகட்டுமே."

ஞாயிற்றுக்கிழமை சபை மேட்டிலிருந்து பாடிக்கொண்டே இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் சிலரும் வந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார்கள். கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளே உடை மாற்றும் அறைக்குச் சுவராயின. தொட்டி விளிம்பு வரை தளும்பியது. பாஸ்டர் காலை விடப்போனவர், தயங்கித் தண்ணீரை முகர்ந்தார்.

"அக்கா, துணிக்குப் போடுற நீலம் எதுவும் கலக்கலையே?"

"கலக்கல பாஸ்டர். ஆனா வெள்ளையாத்தான் வெளிய வருவீங்க."

மாமா மகள் தண்ணீருக்குள் போய் எழுந்தாள். தலைமுடியிலிருந்து சவுக்காரம் மணந்தது. எல்லாரும் மாமாவின் ஆமெனுக்காகக் காதைத் தயார் செய்து காத்திருந்தோம். வரவில்லை. அவர் வாய் திறந்திருந்தது, குரல்தான் எழவில்லை. மாமாவின் தொண்டை அடைத்ததை அன்றுதான் பார்த்தேன். அவருக்குப் பதிலாக ஆமென் சொன்னது அத்தை. அந்தக் குடும்பத்தில் இன்னொரு தொண்டை இருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசரும் வந்திருந்தார். பளபளக்கும் காலணி நனையாமல் ஓரமாக நின்றார். யாரோ ஒரு சிறுவன் தொட்டிக்குள் குதித்ததில் அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை, சொன்னதைச் செய்தார்.

மாமா சாவியைத் துடைத்துப் புதிய ஆளிடம் ஒப்படைத்தார். "முழுசாச் சுத்து தம்பி. பாதியில நிறுத்தினா கை பழகிடும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆளுக்குப் பாதியில் நிறுத்த வழியே இல்லை. லாண்டரி அக்கா தினமும் காலையில் கையைக் கட்டிக்கொண்டு குழியருகே நிற்கிறார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. "இன்னும் சுத்து. இன்னும் இருக்கு. நான் இங்கதான் நிக்கிறேன்."

சாக்கடைப் பம்ப் அறையில் மாமா இருக்கிறார். முதல் சில நாட்கள் முகம் வாடித்தான் வந்தார். பிறகு அங்கேயும் பாட்டு தொடங்கிவிட்டது. எதிரொலி நன்றாக இருக்கிறதாம். இப்போதும் தேசத்துக்காக ஜெபிக்கிறார், சூப்பர்வைசரையும் சேர்த்து. ஆனால் வாய் திறப்பதற்கு முன் தன் இரண்டு கையையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்கிறார்.

சாக்கடை வேலை முடித்த மனுஷன் தண்ணீர் ஏறாத தெருவில் குளிப்பது எப்படி? "அந்த நாத்தத்தோட படி ஏறக் கூடாது" என்று அத்தை சட்டம் போட்டாள். அதனால் மாலையில் நானோ பாப்பாவோ துண்டும் சவுக்காரமும் கொண்டுபோய் லாண்டரியில் வைக்கிறோம். மாமா வழியிலேயே அக்காவின் தொட்டிக் குழாயடியில் குளித்துவிட்டு, ஒரு குடம் நிரப்பிக்கொண்டு ஏறி வருகிறார்.

நேற்று நான் துண்டோடு நின்றிருந்தேன். மாமா தலை நிறைய நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைக்குள் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே வாய்விட்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, மேட்டுத் தெருக்காரங்களும் பாவம். அங்கேயும் ஏறுற மாதிரி ஒரு நல்ல பம்பு கிடைக்கட்டும்."

நுரைக்குள்ளிருந்து கிளம்பியது அந்த ஆமென். தெருநாய் எழுந்து ஓடியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க கிளம்பினது கேட்டுச்சு," என்றாள் அத்தை.