பௌதியின் போனுக்குப் போன ஓடிபி

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் பேசவோ எழுதவோ முடியவில்லை. டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொடுவார்; அதற்கான வாக்கியம் ஒலிக்கும். எங்களுக்கான தமிழ் என் குரலில் இருந்தது. பகலில் அவரைக் கவனித்துக்கொள்ளும் ஆயா மாஷிக்கான வங்காளத்தை, நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண் பேசிப் பதிந்திருந்தார்.

பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பின் திரை லோகோவோடு நின்றுவிட்டது. ரீசெட் செய்தால் உள்ளிருப்பதெல்லாம் அழியும் என்றார் லேக் மார்க்கெட் கடைக்காரர். "பேக்அப் ஆச்சே தோ, தாதா?"

இருக்கிறது என்றேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

ரீசெட் முடிந்தது. பேக்அப்பைத் திறக்கும் ஓடிபி பௌதியின் போனுக்குப் போனது. குரல் பதிந்த அன்று என் போனில் சார்ஜ் இல்லாததால் அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த அவர் போனை எடுக்கவில்லை.

மனைவி அழைத்தாள். "அப்பா வாயையே காட்டறார். தண்ணி குடுத்தா தள்ளிவிடறார். மாஷிக்கும் புரியலை. சீக்கிரம் வாங்கோ."

ரயில் சாந்த்ராகாச்சியில் நின்றபோது பௌதி எடுத்தார். "பாப்ரே, ஏத்தோ கால்!" என்று இத்தனை அழைப்புகளைக் கண்டு சிரித்துவிட்டு, நான் மறுபடி அனுப்பவைத்த ஓடிபி எண்ணைச் சொன்னார். படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

வீட்டில் டேப்லெட்டை நீட்டியதும் அப்பா தயங்காமல் ஒன்றைத் தொட்டார். பௌதியின் குரல் கேட்டது: "மாஷி, கேயேச்சோ?"

சாப்பிட்டாயா என்றுதான் இத்தனை நேரமும் கேட்டிருக்கிறார். மாஷியின் டிபன் டப்பா ஜன்னலோரம் திறக்கப்படாமல் இருந்தது.