சோயா மெழுகும் சித்தியின் மூக்கும்

என் சித்தி ரொட்டிக் கடை அடுப்படியில் வேலை பார்த்தவள். ரொட்டி வெந்துவிட்டதா என்று அறியக் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள், மூக்கு சொல்லிவிடும். ஒருமுறை வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் தட்டுத் தட்டாக ரொட்டி கருகியது. பக்கத்திலேயே நின்றவளுக்குத் தெரியவில்லை. அதோடு வேலையை விட்டுவிட்டாள்.

ஒரே வாசனையை விடாமல் தினமும் முகர்ந்தால் திரும்பி வரலாம் என்றார் மருத்துவர். வரும் என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து முகர்வது சித்திக்கு ஒத்துவராது. சோயா மெழுகு ஒரு மூட்டை வாங்கி, வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கினாள்.

படிப்புக்காக நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. அந்தச் சமையலறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம். அதில் சோப்புச் சீவல் போன்ற மெழுகு மெல்ல எண்ணெயாக இளகும். கண்ணாடிக் குவளைகளின் நடுவே திரி சாயாமல் துணிக் கிளிப் பிடித்திருக்கும். மெழுகின் சூடு சற்று இறங்கிய பிறகுதான் எலுமிச்சை எண்ணெய். அதில்தான் வம்பே. அளவுக் கரண்டியை ஒதுக்கிவிட்டு, தனக்கு மணக்கும்வரை ஊற்றுவாள். அவளுக்கு எப்போது மணப்பது? ஆறிய மெழுகின் மேல் எண்ணெய் வியர்த்து நிற்கும். துவைத்த துணி, தலையணை, என் புத்தகங்கள் எல்லாம் எலுமிச்சை. "பாத்திரம் கழுவிட்டு நேரா வர்றியா?" என்று வகுப்புத் தோழி கேட்டாள்.

சித்தப்பா வண்டிப் பட்டறைக்காரர். வீட்டில் சண்டை ஆகாது அவருக்கு.

"எப்படிங்க இருக்கு?"

"அருமை!"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை அருமை. இது அருமையோ அருமை."

"உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். நீ சொல்லுடி."

"தலை சுத்துது சித்தி."

"உனக்காவது தெரியுதே!" என்று சிரிப்பாள். ஆனால் குவளையை முகத்தருகே வைத்து, கண்மூடி அவள் காத்திருக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு மாலை, புது மெழுகுவர்த்தி ஒன்றை முகர்ந்து பார்க்க வழக்கம்போல் குனிந்திருந்தாள். பட்டறையிலிருந்து வந்த சித்தப்பா, கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்ல அவள் தோளருகே குனிந்தார். சித்தியின் மூக்கு சுருங்கியது.

"சே! என்ன நாத்தம் இது?"

"எலுமிச்சைம்மா. அருமையா…"

"எலுமிச்சையா இது? பெட்ரோல்! உங்க சட்டைதான். தள்ளுங்க, போய்க் குளிங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா விலகவில்லை. சட்டை நுனியை இழுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னொரு தடவை திட்டு," என்றார்.

அன்று அவர் குளிக்கப் போக வெகுநேரம் ஆயிற்று.