புக்ரா என்றால் நாளை

லூர்துசாமி போய்விட்டான் என்று துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். மஞ்சள் காமாலை, படுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ராயபுரத்துக்கு நடந்தேன். அவன் வீடு நெருங்க நெருங்க, துக்கத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

துறைமுகத்தில் எல்லாருக்கும் அவனைக் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் டிரைவராகத் தெரியும். அரபிக் கப்பல் வந்தால் எல்லாரும் தேடுகிற ஆளாகவும் தெரியும். எப்போது சரக்கு இறக்குவது, எப்போது நிறுத்துவது என்று மாலுமிகளிடம் பேசித் தெரிந்து சொல்வான். 'அல்யவ்ம்' இன்று, 'அம்ஸ்' நேற்று, 'புக்ரா' நாளை, 'பஅத் புக்ரா' நாளை மறுநாள். இவற்றை அவனுக்கு முதலில் சொன்னவன் நான். மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவான எனக்கே அன்று பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் தெரியும். எல்லாம் தெரிந்ததுபோல் நடந்துகொள்வது மட்டும் நன்றாக வரும்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அரபிக் கப்பலில் அவனுக்கு எஞ்சின் அறை வேலை கிடைத்தது. எப்போது வந்து ஏற வேண்டும் என்று கேட்க என்னைக் கூட்டிப்போனான். கப்பல் அதிகாரி வேகமாகச் சொன்ன பதிலில் 'புக்ரா' காதில் விழுந்தது, 'பஅத்' விழுந்தது. மீதி பிடிபடவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். சுற்றி நாலு பேர் நின்றார்கள், வெட்கமாக இருந்தது.

"நாளன்னிக்கு வரச் சொல்றாரு" என்றேன்.

மறுநாள் காலையிலேயே கப்பல் போய்விட்டது. லூர்து அப்போது வியாசர்பாடியில், தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தான். அதிகாரி சொன்னது 'புக்ரா, பஅத் அல்ஃபஜ்ர்': நாளை, விடிந்த பிறகு. இன்னொரு மாலுமி சொல்லித்தான் எனக்கு அது விளங்கியது. யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் லூர்து வெறியோடு அரபி கற்றான். ஒரே சொல்லை மூன்று முறை கேட்பான். "பிரியலன்னா பிரியலன்னு சொல்லிட்டுப் போறேன். அதுல இன்னா கீது?" என்பான்.

ஒரு வருஷம் கழித்து என்னிடம் வந்தான். "அன்னிக்கு அந்தாளு சொன்னத அப்டியே சொல்லு, நைனா. ஃபஜ்ருன்னு எதுனா சொன்னாரா?"

"இல்லப்பா. பஅத் புக்ரான்னுதான் சொன்னாரு."

"அப்ப அந்தாளு வேணும்னேதான் ஏமாத்திக்கீறான்" என்றான்.

முதலில் நடந்தது தவறு. இது தவறு இல்லை, தெரிந்தே சொன்ன பொய்.

அடக்கத்தன்று அவன் மனைவி பிலோமினா தன் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வந்தாள். "அப்பாவுக்கு மொதல்ல அரபி சொல்லிக் குடுத்தது இவருதான்" என்றாள். அன்றும் நான் பேசவில்லை. ஏழாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவளிடம் முழுவதையும் சொன்னேன்.

சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "சாவறதுக்கு மொத நாளு கூட அந்தக் கப்பல்காரன திட்டிக்கினு இருந்தாரு. உங்கள மட்டும் யாரும் ஒரு வார்த்த சொல்ல வுடமாட்டாரு" என்றாள். பிறகு, "நீங்க போங்கண்ணே" என்றாள்.

அந்த அதிகாரியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எந்தத் தப்பும் செய்யாத அந்த மனிதர் மேல் இத்தனை வருஷம் லூர்து கொட்டிய வசவுகள் எல்லாம் எனக்குச் சேரவேண்டியவை. அவன் நினைவாக நான் வைத்துக்கொள்வது அவற்றைத்தான்.