துண்டு போட்ட சீட்டு

சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ஏறினால் சீட்டு கிடைக்கும். வண்டி அங்கேதான் புறப்படுகிறது. பிடிப்பது பெரிய காரியமில்லை. காப்பாற்றுவதுதான் வேலை.

நான் இரும்பு உருக்குகிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஃபர்னஸ் பக்கம் வேலை. வீடு மீஞ்சூர். என் வீட்டுக்காரி அப்போது கவரைப்பேட்டையில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை செய்தாள். மகள் பொன்னேரியில் படித்தாள். நான் ஏறியதற்கு அடுத்த ஸ்டேஷனில் வீட்டுக்காரி ஏறுவாள். அதற்கு அடுத்ததில் மகள். அதனால் எனக்கு மூன்று சீட்டு வேண்டும். வழிப்பக்கம் நான் உட்காருவேன். நடுவில் சாப்பாட்டுப் பை. ஜன்னலில் துண்டு. யாராவது கேட்டால் "ஆள் வராங்க" என்பேன். அவ்வளவுதான்.

தினம் வருகிறவர்கள் விடமாட்டார்கள்.

"இன்னாயா, மூணு சீட்டுக்கும் பட்டா வாங்கிட்டியா?"

"ஊட்டுக்காரி வரா."

"அப்ப துண்டு?"

"பொண்ணு வரா."

"மாமியாரு எங்க, மேல லக்கேஜ்ல படுத்துக்கினு வருதா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் எவனும் இல்லை. துண்டு கிடந்தால் ஆள் வரும். அந்த வண்டியில் அதுதான் சட்டம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஷிப்ட் போவேன், அவள் சமைப்பாள், மகள் படிப்பாள். சேர்ந்து உட்கார்ந்தது வண்டியில்தான். மகள் ஜன்னல். வீட்டுக்காரி நடுவில். நான் வழிப்பக்கம். கூட்டம் ஏறினால் நாலாவதாக ஒருவர் வந்து ஒட்டுவார். அப்போது என் உடம்பு பாதி வெளியே இருக்கும். பெரிதாக எதுவும் பேசமாட்டோம். மீஞ்சூர் வரும். இறங்குவோம்.

மகளைத் திருநின்றவூர்ப் பையனுக்குக் கொடுத்தோம். கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நல்ல பையன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவரைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். மகளும் கூடப் போனாள்.

அங்கே போய் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளையல் போட்டுக் கூட்டிவர நாள்கூடப் பார்த்துவிட்டோம். டாக்டர் அவள் எங்கேயும் போகக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரி, தாய்வீடு அங்கே போகட்டும் என்று வீட்டுக்காரி சொன்னாள். அந்த நேரம் ஃபர்னஸுக்குள்ளே பதித்திருக்கிற கல்லை மாற்ற அதை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு வேலை இல்லை. அதனால் நானும் போக முடிந்தது. மாப்பிள்ளை அவசரமாகப் பிளேன் டிக்கெட் போட்டு அனுப்பினார்.

நாங்கள் பிளேன் ஏறியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரி ஒரு மஞ்சள் பை நிறையப் பழைய புடவைகளைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்தாள். குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, உறுத்தும். இன்னொரு பையில் வசம்பு, பிரசவ மருந்து, கருப்பு வளையல்.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு சீட்டு கொடுத்தாள். நம்பரைப் பார்த்தேன். வீட்டுக்காரிக்கு முன்பக்கம். எனக்குக் கடைசிப் பக்கம்.

"சேத்து குடும்மா."

"பக்கத்துப் பக்கத்துல வேணும்னா முன்னாடியே தனியா பணம் கட்டணும் சார். இப்ப அப்படி காலியும் இல்ல."

சேர்ந்து உட்காரக் காசு என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஏறின பிறகு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லோக்கலில் அப்படித்தான். கொஞ்சம் மாறிக் குந்துப்பா என்றால் மாறுவார்கள். முனகிக்கொண்டாவது மாறுவார்கள்.

ஏறி, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். சின்ன வயசு. மரியாதையாகத்தான் சொன்னார்.

"சாரி சார். இந்த சீட்டுக்குன்னு நான் தனியா காசு கட்டியிருக்கேன்."

அவர் மேல் தப்பில்லை. கட்டியவர் உட்காருகிறார்.

"போய் குந்துயா. எல்லாம் பாக்குறாங்க" என்றாள் வீட்டுக்காரி.

பின்னாலிருந்து பார்த்தால் அவள் கொண்டைப் பூ மட்டும் தெரிந்தது. இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்காது.

புனேயில் எல்லாரும் இறங்கினார்கள். நான் முன்னால் வந்து பார்க்கிறேன், அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னாமே, எறங்கல?"

"இத எப்டி கயட்றதுன்னு தெர்லயா. கேட்டா சிரிப்பாங்க."

இடுப்புப் பட்டையை நான் கழற்றிவிட்டேன். எனக்கே அது ஏறும்போதுதான் தெரியும். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"மாப்ள, திரும்பி போசொல்ல எவ்ளோ ஆனாலும் ஆவட்டும், சேந்தாப்ல போட்ருங்கோ. பச்ச ஒடம்புக்காரி. கைக்கொயந்த. ஆளுக்கொரு மூலையில குந்தவெச்சா இன்னா பண்றது?"

பிரசவம் முடிந்து உடம்பு தேறியதும் மகளையும் குழந்தையையும் மீஞ்சூருக்குக் கூட்டிவருவது என்று பேச்சு. மாப்பிள்ளை அன்றைக்கே போட்டார். மூன்று சீட்டு, ஒரே வரிசை. சேர்ந்து உட்காருவதற்கான காசும் கட்டினார். குழந்தை பிறந்த பிறகு அதன் பேரையும் சேர்த்துக்கொள்ளலாம், அது மடியில்தானே வரும் என்றார். போனில் சீட்டுகளைப் படமாகக் காட்டினார். வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள்.

"ஜன்னலு அவளுக்கு. மேல ஏறசொல்ல கொயந்தைக்கு காது அடைக்குமாம். ஹாஸ்டல்ல டீச்சரம்மா ஒருத்தங்க சொன்னாங்க. அப்ப பால் குடுத்துக்கினே இருக்கணுமாம். முழுங்க முழுங்க காது தெறந்துக்குமாம். நடுவுல நான் குந்தி மறைச்சிக்குறேன்."

மகள் படுத்தபடியே சிரித்தாள்.

"நைனாவுக்கு வழிப்பக்கமா? மீஞ்சூரு வண்டி மாதிரியே. ஆனா துண்டு போடத் தேவல நைனா. துட்டு கட்டியாச்சு."

பிள்ளை பிறந்தது. ஆண். அழவில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வெளியே வந்து மாப்பிள்ளையிடம் இந்தியில் சொன்னார்கள். அவர் எங்களிடம் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்துவிட்டது.

ஊருக்கு வெளியே ஒரு இடம். மாப்பிள்ளையும் நானும் கொண்டுபோனோம். வீட்டுக்காரி மஞ்சள் பையிலிருந்து ஒரு துணி எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். அவளுடைய ஊதாப் புடவை. மகள் சின்னவளாக இருக்கும்போது கட்டியது. குழி தோண்டுகிறவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பாஷை தெரியாது. நான் கடப்பாரையை வாங்கிக்கொண்டேன். அங்கே மண் கறுப்பு. எங்கள் பக்கத்து மண் இல்லை.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல். வீட்டுக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள்.

எங்கே விற்கும் என்று தெரியாமல் அலைந்தேன். ஒரு கோயில் பக்கம் கிடைத்தது. நிறைய வேண்டும் என்று கையைக் காட்டினேன். பூக்காரம்மா வீட்டில் விசேஷம் என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே கூட ஒரு முழம் வைத்துக் கட்டினாள். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த வீடு முழுக்க நாலைந்து நாள் மல்லிகை வாசனை. இப்போதும் அந்த வாசனை வந்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

அப்படியே நாள் ஓடி, டிக்கெட் போட்ட நாள் கிட்டே வந்தது. கான்ட்ராக்டர் போன் செய்தார். ஃபர்னஸைத் திரும்பப் பற்றவைக்கப் போகிறார்கள், வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்றார். மகள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊருக்கு வாம்மா என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தெருவில் எல்லாரும் பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"நீ போயா" என்றாள் வீட்டுக்காரி. "ரெண்டு பேரும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது. நான் இவள வுட்டு வரமாட்டேன்."

"எப்ப வருவே?"

"இவ எழுந்தா வருவேன்."

மாப்பிள்ளை போனை நோண்டினார். "மத்த ரெண்டு டிக்கெட்ட ரத்து பண்ணாலும் ஒண்ணும் பெருசா வராது மாமா."

"இருக்கட்டும் மாப்ள. வுட்ருங்க."

கிளம்பும்போது வீட்டுக்காரி மஞ்சள் பையைக் கொடுத்தாள். மிச்சத் துணி அப்படியே இருந்தது.

"இத எடுத்துக்கினு பூடு. இங்க இருந்தா அவ கண்ணுல படும்."

ஏர்போர்ட்டில் மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டார்கள். வரவில்லை என்று கையைக் காட்டினேன்.

சீட்டைக் கண்டுபிடித்தேன். வழிப்பக்கம் உட்கார்ந்தேன். மஞ்சள் பையை நடுவில் வைத்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்து ஜன்னல் சீட்டில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பச்சைக் குழந்தை. தமிழ்ப் பெண்தான்.

"அண்ணா, இங்க யாராவது இருக்காங்களா? எனக்கு பின்னாடி ரெண்டு ஆம்பளைங்க நடுவுல சீட்டு. எங்க வீட்டுக்காரருக்கு வேற எங்கேயோ."

"ஆள் வராங்க" என்றேன்.

"சாரிண்ணா" என்று போய்விட்டாள்.

அப்புறம்தான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கவரைப்பேட்டையும் இல்லை, பொன்னேரியும் இல்லை. யார் வருவார்கள்? ஆனாலும் துண்டை எடுக்கவில்லை. கதவு மூடுகிற வரைக்கும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கதவை மூடினார்கள். பணிப்பெண் வந்து, பையைச் சீட்டில் வைக்கக் கூடாது, கீழே வையுங்கள் என்று சைகை காட்டினாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கீழே வைக்கவில்லை. அவளும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு விட்டாள். பின்னால் அந்தக் குழந்தை அழ ஆரம்பித்தது. நல்ல குரல்.

துண்டை எடுத்தேன். எழுந்து பின்னால் பார்த்துக் கூப்பிட்டேன்.

"வாம்மா."

"யாரோ வராங்கன்னீங்களே அண்ணா?"

"வரல."

பணிப்பெண்ணிடம் அவளே கேட்டுக்கொண்டு வந்தாள். நான் எழுந்து வழிவிட்டேன்.

"ஜன்னல்ல குந்தும்மா. மேல ஏறசொல்ல பால் குடு. காது அடைக்கும். முழுங்கினா தெறந்துக்கும்."

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "பேரப்புள்ளைங்க இருக்காங்களா அண்ணா?"

"பொண்ணு இருக்கா" என்றேன்.

பிளேன் ஏறியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடுச் சீட்டு காலியாக இருந்தது. மறைக்க அங்கே ஆள் இல்லை. நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். குழந்தை அழவில்லை. குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பாதியில் குழந்தை பாலைக் கக்கியது. அவள் துணி தேடினாள். அவளுடைய பை மேலே இருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு எழுந்து எடுக்க முடியவில்லை. என் மடியில் ஒரு பை நிறையத் துணி. குழந்தைக்கென்றே கிழித்தது, துவைத்தது, மடித்தது. அதிலிருந்து ஒன்றுதான் புனே மண்ணில் இருக்கிறது. மீதியை உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் போடக் கூடாது. அது எனக்குத் தெரியும். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் துண்டை நீட்டினேன்.

"அய்யோ, உங்க துண்டுண்ணா."

"தொடச்சிக்கோம்மா. தோச்சதுதான்."

இறங்கும்போது துண்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வைத்துக்கொள் என்றேன்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி நின்றிருந்தது. மத்தியான நேரம், கூட்டமில்லை. ஏறி உட்கார்ந்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டியா? சாப்டியா?"

"ஊட்டுல போய்தான். பொண்ணு?"

"ஒரு வாய் கஞ்சி குட்ச்சா. திரும்பி படுத்துக்கினா."

 அப்புறம் கேட்டாள்.

"நம்ம சீட்டு காலியாவா வந்துது?"

"இல்ல. ஒரு கைக்கொயந்தக்காரிக்கு குடுத்துட்டேன்."

"ஜன்னலா?"

"ஜன்னல்தான்."

"ஏறசொல்ல அழுதுச்சா?"

"இல்ல. குட்ச்சிக்கினே இருந்துது."

 கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"அப்ப அந்த டீச்சரம்மா சொன்னது நெசந்தான்" என்றாள். "சரி, வையி."

வைத்தேன். வண்டி கிளம்பியது. பெட்டி முக்கால்வாசி காலி. ஜன்னலுக்கு நகர்ந்திருக்கலாம். வழிப்பக்கமே உட்கார்ந்து வந்தேன். பை மடியில் இருந்தது.