கத்தாத கல்

அந்த மிஷினை இன்றைக்குப் பார்த்தாலும் பிடுங்கி வைகையில் எறியத் தோன்றும். பார்க்கத் தடித்த பேனா மாதிரிதான் இருக்கும். முனையில் ஒரு செம்புக் கம்பி. வைரத்தில் வைத்து அழுத்தினால் சின்ன விளக்குகள் வரிசையாக ஏறி, கீச்சென்று கத்தும். கண்ணாடிக் கல் என்றால் கத்தாது. தொண்ணூறுகளின் கடைசியில், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அது வந்தது. அதுவும் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று.

கொண்டுவந்த புண்ணியவான் மாப்பிள்ளையின் தாய்மாமன். நகைக்கடையில் வேலை. அம்மாவின் ஏழுகல் வைரத்தோட்டை அக்காவுக்குப் போடுவதாகப் பேச்சு. அம்மா காலையில்தான் அதைக் கழற்றி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் தட்டில் வைத்திருந்தாள். காது ஓட்டைகளில் ஈர்க்குச்சி. அந்தக் காதோடுதான் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். பிறந்த வீட்டில் போட்ட தோடு. ஒரே ஒருமுறை, தன் தம்பி மனைவிக்கு ஒரு கல்யாணத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறாள்.

"சும்மா ஒரு சாங்கியத்துக்குத்தேன்" என்று மாமன் பேனாவை எடுத்தார்.

முதல் கல் கத்தியது. சிரித்தோம். அடுத்ததும் கத்தியது. மூன்றாவது கத்தவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம். முதல் கல்லுக்கே திரும்பினார். அதுவும் வாயை மூடிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா, "இங்கிட்டு குடு மாப்ள" என்று மைத்துனரிடமிருந்து வாங்கித் தன் பங்குக்குக் குத்தினார். குத்தக் குத்த ஒரு கல்லும் கத்தவில்லை.

"மிஷின்ல கோளாறா இருக்கும்" என்றேன். மாமன் தன் மோதிரத்துப் பெரிய வைரத்தில் வைத்துக் காட்டினார். கீச்சென்று கத்தித் தொலைத்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஒந்தம்பி வீட்டுக்குக் குடுத்தேல்ல. அவுக மாத்துனாகளா, நீயே மாத்துனியா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

"நான் மாத்தல. என்னய நம்புங்க."

காபியைத் தொடாமலே மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். அக்கா பட்டுச்சேலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏதாவது செய்துகொள்வாளோ என்று எனக்குப் பதறியது. பக்கத்து வீட்டம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, தோட்டையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றி, தெற்காவணி மூல வீதியில் கல் பார்த்துச் சொல்லும் பாயிடம் போனேன்.

நடந்ததைக் கேட்டதும் அவர், "விடாமக் குத்துனாங்களா?" என்றார்.

"ஆமா பாய், மாறி மாறி."

"பேனா முனை சூடா இருக்கும்மா. வைரம்னா அந்தச் சூட்டைச் சட்டுனு இழுத்துக்கிரும், மிஷின் கத்தும். இது பொடிக்கல்லு. ஓயாமக் குத்துனா பக்கத்துக் கல்லும் சேந்து சூடாயிருதுல்ல, அப்புறம் எங்கிட்டு இழுக்கும்? மோதிரத்துல பெரிய கல்லு, தாங்கும்."

தோட்டை ஃபேனுக்கடியில் வைத்து, தன்னிடமிருந்த அதே மாதிரிப் பேனாவை எடுத்தார். ஒரு கல்லைத் தொடுவார், ஆற விடுவார், அடுத்ததைத் தொடுவார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு தோட்டிலுமாகப் பதினாலு கல்லும் கத்தின. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், அப்பா அடுப்படிக் கதவுக்கு வெளியே நின்று, "எல்லாம் வைரந்தேன்" என்றார். அப்புறம் கதவு திறந்தது. அம்மா தோட்டை வாங்கி நேராக அக்காவின் மடியில் வைத்தாள்.

பாய் சொன்னதைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்து, "தப்பா நெனைக்காதீக" என்றார்கள். கல்யாணமும் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து அப்பா அம்மாவுக்கென்று ஒற்றைக்கல் வைரத்தோடு வாங்கிவந்து நீட்டினார். அம்மா கையை நீட்டவே இல்லை.

"எனக்கு வேணாம். நாளைக்கு இதையும் எவனாச்சும் குத்திப் பாப்பான். நீங்க அன்னைக்கு மாதிரியே என்னயப் பாப்பீக."