கிரில் மூடியில் சிவப்பு வட்டம்

பாத்திரத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்தது ஒரே வேலை: குறை கண்டுபிடிப்பது. பாலிஷ் போட்டு வரும் எவர்சில்வர் தொட்டிகளை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பார். கீறல் கண்ணில் பட்டால் சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த சரக்கு கழிவுக் குவியலுக்குப் போகும். பாலிஷ் போட்டவர் பெயர் வாசல் பலகைக்கு ஏறும். நேரே பார்த்தால் எல்லோரும் ‘இன்ஸ்பெக்டர் சார்’ என்பார்கள். அவர் தலை மறைந்ததும் ‘வட்டம்’. எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதில்லை. குறை இல்லையென்றால் பேசாமல் அடுத்ததை எடுப்பார். அவரிடம் கிடைக்கும் பாராட்டு அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அன்று நிர்வாகம் அவருக்கு ஒரு கிரில் அடுப்பைப் பரிசளித்தது. வெட்டவெளியில் வைத்துக் கரி போட்டு இறைச்சி வாட்டுகிற அடுப்பு. கால், மூடி, கம்பித் தட்டு எல்லாம் எவர்சில்வர். வீட்டின் பின்பக்கத்தில் அதை நிறுத்திய நிமிஷமே அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சமைத்தால் அழுக்காகிவிடுமே!

தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பழைய பனியன் துணியால் அதைத் துடைப்பார். அப்புறம் உலர்ந்த துணி. அப்புறம் இரண்டு சொட்டு எண்ணெய். எவர்சில்வரில் மெல்லிய இழைகள் ஓடும். அந்த இழையின் போக்கிலேயே கை போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் தடம் விழும். வாழ்க்கையில் வேறு எதன் போக்கிலும், எவர் போக்கிலும் அவர் போனதில்லை என்பது மனைவிக்குத் தெரியும். அந்த அம்மாள் மூடியில் மங்கலாகத் தெரியும் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொள்வாள். அடுப்பால் வீட்டுக்குக் கிடைத்த பயன் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை அதில் சமைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் வந்த மகள் பிடிவாதம் பிடித்து அடுப்பு மூட்ட வைத்தாள். மாப்பிள்ளையும் அதே தொழிற்சாலைதான், பாலிஷ் பிரிவு. மாமனாருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, ஆறிய மூடியின் உட்பக்கம் ஒட்டிய கொழுப்பைக் கம்பி நாரால் தேய்த்தார். நார் கை நழுவி, மூடியின் முகப்பில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது.

மாமனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கீறலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்து, பாதியிலேயே கை கழுவிவிட்டு, தன் மனைவியோடு கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு மகள் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள். “நான் என்ன தப்பா சொன்னேன்? வாயே தெறக்கலையே,” என்பதே அப்பாவின் கட்சி.

போன வாரம் இரண்டு செய்திகள் வந்தன. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு. மாமனார் உட்கார்ந்திருந்த அதே இன்ஸ்பெக்டர் நாற்காலி. இரண்டாவது, மகள் எப்படியோ பேசிக் கரைத்து, ஞாயிற்றுக்கிழமை கணவரை அழைத்து வருகிறாள். “இதுதாம்மா கடைசி. அப்பா இன்னொரு தடவ அவர அசிங்கப்படுத்தினா நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.” அம்மாள் அதை ஒரு சொல் குறையாமல் அவரிடம் ஒப்பித்துவிட்டு, அலமாரியிலிருந்த சட்டைப் பைகளையெல்லாம் துழாவினாள். ஏழு சாக்பீஸ் அகப்பட்டன. குப்பையில் போட்டாள்.

கீறலே இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை என்று அவர் கணக்குப் போட்டார். நான்கு நாள் பாலிஷ் பசையை இழையோடு தேய்த்துப் பார்த்தார். கீறல் அசையவில்லை. சனிக்கிழமை பொறுமை கெட்டு, சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கீறல் போய்விட்டது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புகை படிந்தாற்போல ஒரு மங்கல் உட்கார்ந்திருந்தது. அடுப்பைத் திருப்பிச் சுவரோடு ஒட்டி வைத்தார்.

“ஏங்க, அடுப்பு எதுக்குச் செவுத்தப் பாத்து நிக்குது? வாத்தியார்கிட்ட அடி வாங்கின மாதிரி?”

“காத்து அப்பிடி அடிக்குது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கரி போட வந்த மாப்பிள்ளை, சுவர் இடித்து மூடி திறக்காததால் அடுப்பை இந்தப் பக்கம் திருப்பினார். திருப்பியவர் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். அந்தச் சாய்வு யாருடையது என்று மாமனாருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கை சட்டைப் பைக்குப் போனது. மங்கலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

மகள் தட்டைக் கீழே வைத்தாள். அம்மாள் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“வட்டத்தச் சின்னதாப் போட்டுட்டீங்க மாப்பிள்ளை. இதுக்கு வெளியிலயும் ஓடியிருக்கு பாருங்க.”

மாப்பிள்ளையும் குனிந்தார். “ஆமா மாமா.”

“கண்ட மேனிக்குத் தேச்சிருக்கான். பலகையில பேர் ஏத்த வேண்டியதுதான்.”

“யார் பேர மாமா ஏத்தறது?”

“என் பேரத்தான். இனிஷியலோட எழுதுங்க.”

மாப்பிள்ளை முதல் வட்டத்தைக் கட்டை விரலால் அழித்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டார். அம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “பரீட்சை முடிஞ்சுதுன்னா கரியப் போடுங்க,” என்றாள்.

வாட்டிய முதல் கோழித் துண்டு மாமனார் தட்டுக்கு வந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கையை நீட்டி அடுத்ததை எடுத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.