பேக்கிங்குக்குக் கட்டம் இல்லை

1. பெட்டி பிரித்த நாள்

எங்கள் கம்பெனிக்கு வரும் பெட்டி எதுவானாலும் பேக்கிங் பிரிவு வாசலில்தான் இறங்கும். புது யூனிஃபார்ம் வந்த பெட்டிகளும் அப்படித்தான் இறங்கின. கட்டரை எடுத்து டேப்பைக் கிழித்தவள் நான். ஒவ்வொரு பிரிவின் சட்டையையும் மேசைமேல் அடுக்கி, பெயர் ஒட்டி அனுப்பும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

ஓசூரில் வால்வு தயாரிக்கும் கம்பெனி அது. நான் அங்கே பேக்கிங்கில் சேர்ந்து, பேக்கிங்கிலேயே சீனியராகி, பேக்கிங்கிலிருந்தே ஓய்வு பெற்றேன். இப்போது வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் பழைய கதை கேட்டால், மெஷின் கதையைவிட இந்தச் சட்டைக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

அதுவரை எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. பெங்களூரிலிருந்து புதிதாக வந்த ஹெச்.ஆர். மேனேஜர் பிரசன்னா, ஸ்காட்லாந்தில் இருக்கும் எங்கள் பெரிய கஸ்டமரைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஊரில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கட்டம் போட்ட துணி உண்டாம். துணியைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்களாம். இப்போதெல்லாம் தொழிலுக்கென்றுகூடத் தனிக் கட்டம் நெய்துகொள்கிறார்களாம். கேன்டீனில் எல்லோரையும் கூட்டிவைத்துப் படம் போட்டுக் காட்டினார்.

"நம்ம கம்பெனியிலயும் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கட்டம். அதைப் போட்டதும் ஒரு பெருமை வரணும்" என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

டூல்ரூமுக்குக் கருநீலத்தில் வெள்ளைக் கோடு. மெஷின் ஷாப்புக்குச் சிவப்பும் கறுப்பும். குவாலிட்டிக்குக் கரும்பச்சையில் மெல்லிய மஞ்சள் கோடு. அந்தப் பச்சைச் சட்டையை மடிப்புக் கலையாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். மெயின்டனன்ஸுக்கு வந்த கட்டம் அசல் லுங்கி. ஃபோர்மேன் முனிராஜ் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா ஸ்டெல்லா, இத மேல போடறதா, இடுப்புல கட்டறதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் அடிவரைக்கும் போய்விட்டேன். பேக்கிங் என்று எழுதிய கட்டு ஒன்றுமில்லை. கடைசியில் கிடைத்தது வெறும் சாம்பல் நிறச் சட்டைகள். கட்டமும் இல்லை, கோடும் இல்லை. மேலே 'ஜெனரல்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

நேரே ஹெச்.ஆர். ரூமுக்குப் போனேன்.

"சார், பேக்கிங் சட்டை வரல."

"வந்திருக்கே. ஆஷ் கலர்."

"அதுல கட்டம் இல்லீங்களே சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லிப் பொறுமையாகத்தான் விளக்கினார். "அம்மா, ட்ரேடுக்குத்தான் டிசைன். ஃபிட்டர், டர்னர், இன்ஸ்பெக்டர் இதெல்லாம் ட்ரேடு. பேக்கிங் ஒரு ட்ரேடு இல்லையே. யார் வேணா செய்யலாம். அதான் ஜெனரல்ல வெச்சோம்."

யார் வேணா செய்யலாம். அந்த வார்த்தையோடு இறங்கி வந்து, மற்றவர்களின் சட்டைகளுக்குப் பெயர் ஒட்டி முடித்தேன்.

2. பஸ்ஸில் பக்கத்து சீட்டு

நான் கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏறுவேன். நாகவேணி குருபரப்பள்ளியில் ஏறுவாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜன்னலோர சீட்டை அவளுக்காகப் பையை வைத்துப் பிடித்துவைப்பது என் வழக்கம்.

ஒரு வருஷம் கம்பெனியில் கேஜ் பிடித்து அளவு பார்க்கும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அப்போது நான் பிரசவ லீவில் இருந்தேன். நாகவேணி பரீட்சை எழுதினாள், பாஸானாள், குவாலிட்டிக்குப் போனாள். அவள் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் கேஜை வெல்வெட் பெட்டியில் வைத்து மூடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ சுருங்கும். இத்தனை வருஷம் நீலச் சட்டை அதை மூடிவைத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே துணியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

புதுச் சட்டை போட்ட முதல் காலை அவள் பஸ் ஏறியபோது டிரைவரே திரும்பிப் பார்த்தார். பச்சை அவளுக்கு அப்படிப் பொருந்தியது. அவளோடு ஸ்டாப்பில் நின்ற பூக்கார அம்மா, "இன்ஜினியரா ஆயிட்டியா கண்ணு?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"நல்லா இருக்காடி?"

"காலர் கொஞ்சம் பெருசு" என்றேன். காலர் சரியாகத்தான் இருந்தது.

அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள். நான் சூளகிரி வரைக்கும் அவள் தோளில் அந்த மஞ்சள் கோடு தையலுக்குத் தையல் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சேர்ந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கேன்டீனில் சீக்கிரமே கட்டத்துக்கு ஒரு மேசை ஆயிற்று. யாரும் சொல்லிச் செய்யவில்லை. கருநீலம் கருநீலத்தோடு உட்கார்ந்தது. லுங்கி என்று கேலி பேசிய முனிராஜ் ஆட்கள்கூட ஒன்றாகவே சாப்பிட்டார்கள். மெயின்டனன்ஸ் ஆட்களை யாராவது குறை சொன்னால், "எங்க கட்டத்தப் பத்திப் பேசாத" என்று எழுந்து நின்றார்கள். பிரசன்னா சொன்ன பெருமை உண்மையாகவே வந்துவிட்டது. சாம்பல் சட்டைக்காரர்கள் மட்டும் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்தோம். அந்த லுங்கியைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டேன்.

3. ஸ்கூல் துணி

ஸ்காட்லாந்து கஸ்டமர் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு பிரிவும் அவரவர் கட்டத்தில் அணிவகுத்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெனரல் ஆட்கள் போட்டோவில் வேண்டாம், கலர் கெடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பிரிவில் பர்மனென்ட் நான் ஒருத்தி. மற்றப் பெண்கள் எல்லோரும் கான்ட்ராக்ட். அவர்களைக் கூப்பிட்டு, "நமக்கு நாமே ஒரு கட்டம் எடுத்துத் தெச்சிக்கலாமா?" என்று கேட்டேன். ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. ரேவதி மட்டும் நிறம் சொல்லாமல் கையிலிருந்த பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்தவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் திட்டு வுழும், அவ்ளோதான். எங்கள நாளைக்கு வர வேணாம்னு சொல்லிருவாங்க. எனக்கு சட்டை வேணாங்கா. வேலை இருந்தா போதும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது சரி. என் வயிற்றெரிச்சலுக்கு அவர்கள் வேலையைப் பணயம் வைக்க முடியாது. "நீங்க யாரும் போடாதீங்க. நான் மட்டும் போடறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கிருஷ்ணகிரியில் கடை கடையாக ஏறினேன். அட்டைப்பெட்டியின் பழுப்பு வேண்டும். வால்வு துருப்பிடிக்காமல் இருக்க நாங்கள் போடும் கவரின் மஞ்சள் வேண்டும். பெட்டியைச் சுற்றி இறுக்கும் பட்டையின் கறுப்பு வேண்டும். மூன்றும் சேர்ந்த துணி ஒரு கடையில் யூனிஃபார்ம் ரகங்களுக்கு நடுவில் கிடைத்தது.

"எந்த ஸ்கூலுங்க மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஸ்கூல் இல்லீங்க. பேக்கிங்."

அவருக்குப் புரியவில்லை. துணியைக் கிழித்துக் கொடுத்தார். மார்பு தட்டிச் சொல்கிறேன், நாகவேணியின் பச்சையைவிட அது நன்றாக இருந்தது.

4. விருந்தாளி வந்த நாள்

அன்று காலை கேட்டில் நின்ற பிரசன்னா என் சட்டையைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"என்னம்மா இது? போய் மாத்திட்டு வாங்க."

"மாத்த வேற இல்லீங்க சார்." சாம்பல் சட்டையை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டு வந்திருந்தேன்.

"அப்போ அவங்க போற வரைக்கும் அட்டை ஸ்டோர்ல இருங்க. இதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

மடித்த அட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். வெளியே பிரிவு பிரிவாகக் கை தட்டும் சத்தம் கேட்டது. குவாலிட்டி முறை வந்தபோது கை தட்டல் நீண்டது. நாகவேணி முன்வரிசையில் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஓர் அட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

விருந்தாளியோடு எங்கள் பிளான்ட் ஹெட் பேக்கிங் பக்கம் வந்தார். சேலத்துக்காரர், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். "எங்க ஸ்டெல்லாம்மா? லீவா?" என்று அவர் கேட்டது அட்டை ஸ்டோரில் இருந்த என் காதிலேயே விழுந்தது. பிரசன்னா பதில் சொல்வதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

பிளான்ட் ஹெட் என் சட்டையைப் பார்த்தார். "இது எந்த டிபார்ட்மென்ட் கட்டம்?"

பிரசன்னா தரையைப் பார்த்தார்.

"பேக்கிங், சார்" என்றேன்.

"அட, அட்டை கலர்லயே எடுத்திருக்கீங்களே!" என்று சிரித்தார். அந்த வெள்ளைக்காரர் தன் டையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் ஏதோ கட்டம். என்னவோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. போட்டோகிராபரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நின்றார். என் ஒருத்தியோடு மட்டும் ஒரு போட்டோ. ரேவதியும் மற்றவர்களும் சாம்பல் சட்டையில் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

மாலை பஸ்ஸில் நாகவேணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சூளகிரி தாண்டியதும் கேட்டாள்.

"நீயே போய் எடுத்தியா?"

"ஆமா."

"எனக்கு அவங்க குடுத்தத நான் போட்டுக்கினேன். நீ உனக்குப் புடிச்சத எடுத்துக்கின."

அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. எத்தனையோ வருஷமாக நான் கண்ணாடியில் பார்த்த முகம் அது. எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

"உனக்கென்னாடி குறை? குவாலிட்டி மேடம்" என்றேன்.

"ஊருகோவே!" என்று வெடித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும், சும்மா இரு என்று அதட்டினாள். "இந்தப் பச்சைய தூரத்துல பாத்தாலே லைன்ல பேச்சு நின்னுபோவுது. ரிஜெக்ட் போடறவ வர்றான்னு மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நீங்க பேக்கிங்ல கூடி உக்காந்து சிரிக்கிற சத்தம் எங்க ரூம் வரைக்கும் கேக்குது. எங்க மேசைல மத்தவங்கல்லாம் ஆம்பளைங்க, நான் ஓரமா தனியா சாப்புடறேன், தெரியுமா?"

அவளுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டேன். ஆனால் அதைக் கேட்டும் பொறாமைதான் முந்தியது. அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். என்னைப் பார்த்து யார், எதை நிறுத்தினார்கள்?

5. ஏப்ரன்

பிளான்ட் ஹெட்டுக்குப் பிடித்துப்போனதால் பழுப்புக் கட்டம் கம்பெனிக் கட்டம் ஆனது. பிரசன்னாவே என்னிடம் துணியின் துண்டு கேட்டு வாங்கிப்போனார். அடுத்து வந்த பெட்டியில் பேக்கிங் என்று எழுதிய கட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் என் அளவு. கான்ட்ராக்ட் பெண்களுக்கு இல்லை. அவர்கள் யூனிஃபார்ம் அவர்கள் கான்ட்ராக்டர் பொறுப்பாம், சாம்பல் சட்டைக்குப் பணம் கட்டியதும் அவர்தானாம்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் பட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது, ரேவதி பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அவள் பார்வை பெட்டியில் இல்லை. என் தோள் தையலில் மஞ்சள் கோடு எங்கே சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

பிரசன்னாவிடம் போனேன். முடியாது என்றார். பிளான்ட் ஹெட்டிடம் போனேன். அவருக்கும் சட்டை விஷயத்தில் கை கட்டப்பட்டிருந்தது. "வேற வழி ஏதாவது சொல்லுங்க ஸ்டெல்லாம்மா" என்றார்.

"சட்டை ஆளுக்குத்தான சார்? ஏப்ரன் இடத்துக்கு. பேக்கிங் வாசல்ல ஆணி அடிச்சு மாட்டிடுங்க. உள்ள வேலை செய்ய வர்றவங்க யாரா இருந்தாலும் எடுத்துக் கட்டிக்கட்டும்."

அதற்குக் கான்ட்ராக்டரைக் கேட்க வேண்டியதில்லை. ஏப்ரன் வந்தது, பழுப்பில் மஞ்சளும் கறுப்பும். எல்லாப் பெண்களும் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும், என் கட்டத்தை இத்தனை பேர் போட்டுக்கொண்டார்களே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. அது என் குணம், என்ன செய்ய?

பெட்டி மூடுவதற்கு முன்னால் கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு நாகவேணி எங்கள் பிரிவுக்குள் வருவாள். அன்றும் கேஜைப் பிடித்தபடி நேரே உள்ளே நுழைந்தாள்.

ரேவதி குறுக்கே கை நீட்டினாள். "மேடம், ஏப்ரன் கட்டாம உள்ள வரக்கூடாதுங்க."

நாகவேணி என்னைப் பார்த்தாள். நான் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அவள் பச்சைச் சட்டையின் மேல் போட்டு, பின்னால் போய் முடிச்சுப் போட்டேன். வேண்டிய அளவைவிட இறுக்கியே போட்டேன்.

"மூச்சு முட்டுதுடி" என்றாள். ஆனால் கழற்றவில்லை. வேலை முடிந்தும் கழற்றாமல் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

தொழிலுக்கென்று தனிக் கட்டம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். போட்டுப் பார்த்தவள் நான், அது தரும் நிமிர்வை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் துணி எடுக்கக் கடைக்குப் போகும் முன், எது தொழில் என்று முடிவு செய்கிற அறைக்குள் சாம்பல் சட்டைக்காரர் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர் வயிற்றெரிச்சலோடுதான் பேசுவார். பேசட்டும், எழுதிக்கொள்ளுங்கள்.